பல்லி கிடந்த பாட்டில்

அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு கலர் சோடா கம்பெனியில், இயந்திரம் கழுவித் தள்ளும் காலி பாட்டில்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, அழுக்கானதை ஒதுக்குவது மதலேனம்மாளின் வேலையாக இருந்தது. ஒருநாள் பல்லி ஒட்டிய பாட்டிலைக் கண்டு கை நீட்டுவதற்குள் அது நகர்ந்துபோய், கலர் நிரம்பி, மற்றவற்றோடு கலந்துவிட்டது. யார் குடித்தார்களோ, தெரியவில்லை.

இப்போது வயதாகிப் படுக்கையில் கிடக்கும் அவரை, நர்ஸான நான் பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர் கொடுத்தால், "பல்லி கெடக்குது" என்று வாயை மூடிக்கொள்வார். சிறுநீர் குறைந்துவிட்டது. இப்படியே போனால் பிழைக்கமாட்டார்.

நேற்று அவர் கண்ணெதிரே பாதி டம்ளரை நானே குடித்தேன்.

"அன்னிக்கு அதக் குடிச்சது நீங்கதானுங்களா, சிஸ்டரு?"

"ஆமாங்க. கல்லாட்டம் இருக்கறேன், பாருங்க."

என் வாயைத் துடைத்துவிட்டு, மீதியைக் குடித்தார்.

எனக்குத்தான் தொண்டையில் ஏதோ ஊர்கிறது.