டெய்லரக்கா போட்ட பஸ் ஸ்டாப்

எங்கள் ஊர் வளர்கிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். மாடி வளர்கிறது, வாடகை வளர்கிறது, கொசுவும் வளர்கிறது. பஸ் மட்டும் நிற்காது. பழைய ஊருக்குள் ஒரு ஸ்டாப், பாலத்தடியில் ஒரு ஸ்டாப். இரண்டுக்கும் நடுவே முளைத்த எங்கள் புதுத் தெருக்களை டிரைவர்கள் இன்னும் காலி மனை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தெருக்கள் மெயின் ரோட்டில் வந்து சேரும் முனையில் என் ஜெராக்ஸ் கடை. அடுத்த கடை டெய்லரக்காவுடையது. ஒரே ஒரு தையல் மெஷினோடு ஆரம்பித்தவர். இப்போது அடுக்குமாடிக்காரர்கள் ஜன்னல் திரைக்கு ஓரம் அடிக்கவும், பிள்ளைகளின் யூனிஃபார்ம் மடிப்பைப் பிரித்து நீளமாக்கவும் அவரிடம்தான் வருகிறார்கள். குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டே ஊர் நியாயம் பேச அக்காவால் மட்டும்தான் முடியும்.

அக்காவின் மகளுக்கு டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். வீட்டில் ஒரே சந்தோஷம், அவள் அப்பாவைத் தவிர. அவர் டைல்ஸ் மேஸ்திரி. இங்கே இருக்கிற பாதி அடுக்குமாடிக்குத் தரை போட்டவர்.

"பாலத்தடியில எறங்கி, ஆளில்லாத ரோட்டுல நாய்ங்களுக்கு நடுவுல பொண்ணு நடந்து வரணுமா? நம்ம முனையில பஸ் நின்னா போகட்டும். இல்லன்னா வேலை வேணாம்" என்று சொல்லிவிட்டார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அக்கா நேராக என் கடைக்கு வந்தார்.

"தம்பி, ஸ்டாப்புன்னா என்ன? ஆளுங்க நிக்கிற எடம்தானே? நாம நிப்போம்" என்றார் என்னிடம்.

"நின்னா?"

"நின்னுக்கிட்டே இருப்போம். அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்."

மறுநாள் காலையிலிருந்து கூத்து ஆரம்பித்தது. டவுன் பஸ் வரும் நேரத்துக்கு அக்கா என்னையும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களையும் ரோட்டோரம் இழுத்துவந்து நிறுத்துவார். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர்களைக்கூட விடவில்லை, அங்கேயே நிற்கவைத்துத் தோள் அளவு எடுத்தார். பஸ் எங்கள் முகத்தில் புழுதியை வாரிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

ஒருநாள் நின்றேவிட்டது.

"ஏறுங்க, ஏறுங்க" என்றார் கண்டக்டர். யாரும் அசையவில்லை. எங்களில் ஒருவருக்கும் டவுனில் ஒரு வேலையும் இல்லை!

"வேடிக்கை பாக்கவா இவ்ளோ பேரு நிக்கிறீங்க?" என்று அவர் கத்தவும், கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு அக்கா ஏறிவிட்டார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே திரும்பினார். அன்றிலிருந்து முறை வைத்து, தினமும் ஒருவர் ஏறினோம். என் முறை வந்த அன்று, வெயிலில் நடந்து வரும் வழியெல்லாம் அக்காவைத் திட்டினேன். வந்து சேர்ந்ததும் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தார். என்ன செய்ய? கோபம் போய்விட்டது.

மாதம் முடிவதற்குள் டிரைவர் எங்கள் முனையைக் கண்டதும் தானாக பிரேக் போடப் பழகிவிட்டார். மகள் வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், பஸ் அவள் காலடியில் வந்து நின்றது. மேஸ்திரி தன் வேலைக்குப் போய்விட்டார். அக்கா எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

டீயை உறிஞ்சும்போதுதான் என் மண்டையில் உறைத்தது. "அக்கா, பொண்ணு சாயங்காலம் எப்படி வரும்?"

"பஸ்லதான்."

"அது எதிர்ப்பக்கமால்ல வரும்? வேற வண்டி, வேற டிரைவர். அந்தப் பக்கம் நாம யாரும் ஒரு நாளும் நின்னதில்லையே."

அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். ஒரு மாதமாக ஒரு கூட்டமே சேர்ந்து, போவதற்கு மட்டும் ஸ்டாப் போட்டிருக்கிறோம். திரும்பி வருவது ஒருவர் புத்தியிலும் ஏறவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

"இன்னிக்குப் பாலத்துல எறங்கி நடந்து வந்தான்னா, நாளைக்கு அவளை அனுப்ப மாட்டாரு தம்பி" என்றார் அக்கா.

பொழுது சாயும் நேரம். எதிர்ப்பக்கம் போய் நின்றோம். பஸ் வந்தது. அக்கா கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். வேகம் குறையவே இல்லை. அப்போது எங்களைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் தார் ரோட்டின் ஓரத்தில் இறங்கி, இரண்டு கையையும் விரித்து நின்றார். உடம்பெல்லாம் சிமெண்ட் தூசி. மேஸ்திரிதான்.

பஸ் கிரீச்சிட்டு நின்றது. "எங்கய்யா போகணும்?" என்று டிரைவர் சீறினார்.

"எங்கயும் போகல. எம் பொண்ணு உள்ள இருக்கா. எறக்கி விடுங்க."

மகள் இறங்கினாள். அவள் பின்னால் காய்கறிப் பையோடு ஒரு அம்மா இறங்கினார். பிறகு ஒரு நர்ஸ், காலேஜ் பிள்ளைகள், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட ஒருவர் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பஸ்ஸில் பாதி காலி.

"இங்க நிக்குமா? தெரியாமப் போச்சே. நாங்க விடியக்காலையிலயே பாலத்துக்கு நடந்து போயிடுறோம், தெனமும் பாலத்துலேருந்து நடந்துதான் வர்றோம்" என்றார் காய்கறிப் பைக்காரம்மா. இத்தனை பேர் நடந்த ரோட்டைத்தான் மேஸ்திரி ஆளில்லாத ரோடு என்றிருக்கிறார்.

டிரைவர் எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இவ்ளோ பேரு இங்கயா இருக்கீங்க? சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே."

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மேஸ்திரி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மகளின் பையை வாங்கினார். ரோட்டைக் கடக்கும்போது, "வேலை எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்.

வேலை கிடைத்த நாளிலிருந்து அவர் அந்த வேலையைப் பற்றி ஒன்றுமே கேட்டதில்லை. மகள் சொல்ல ஆரம்பித்தாள். தெருவுக்குள் வெகுதூரம் போன பிறகும் அவள் சொல்லிக்கொண்டே போவது எங்களுக்குக் கேட்டது. அக்கா அங்கேயே நின்று அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.