பச்சைப் புள்ளி

நகராட்சியின் புகார் இணையதளத்தைக் கவனிப்பவரை அலுவலகத்தில் எல்லோரும் ‘புகாரக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதற்குமுன் ஒன்பது வருடம் தொலைபேசியில் திட்டு வாங்கியவர். இப்போது திட்டு எழுத்தில் வருகிறது. காதாவது மிச்சம் என்பார்.

புகார் வந்தால் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி. அந்தப் பகுதியைப் பின்தொடர்பவர்களின் போனிலும் மணி அடிக்கும். ‘தீர்ந்தது’ பொத்தானை அழுத்தினால் பச்சை. ஆனால் கோப்பு வேறு பிரிவுக்குப் போய்விட்டாலே தீர்ந்தது என்பது அலுவலக வழக்கம். எல்லோரும் அழுத்துவார்கள். அவரும்தான்.

மூன்றாம் நாளாக மழை. காலை எட்டேகாலுக்குப் பள்ளி வேன் ஓட்டும் கொழுந்தன், வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கூப்பிட்டான்.

“அண்ணி, மெயின் ரோட்டுல முழங்கால் தண்ணி. பழைய பாலம் வழியா போயிடறேன். உங்க மேப்ல பச்சையாதான் இருக்கு. வீட்டு ஆளு போட்ட புள்ளி, நம்பாம இருக்க முடியுமா?” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

புகாரக்கா திரையில் அந்தப் பச்சைப் புள்ளியைத் திறந்தார். பாலத்தின் நடுத்தூண் சாய்ந்திருப்பதாகப் படத்தோடு வந்த புகார் அது. முந்தாநாள் பாலப் பிரிவுக்கு அனுப்பிவிட்டுப் பச்சையாக்கியது அவர் விரல்தான்.

திருப்பி அழைத்தார். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடமாட்டான். அப்படிச் சத்தியம் வாங்கியதே அவர்தான். பாலத்துக்கு ஆறு நிமிட ஓட்டம். வேனில் பதினான்கு பிள்ளைகள்.

மூடிய புகாரைத் திறக்க மேலதிகாரியால்தான் முடியும். அவர் போன் அணைந்திருந்தது.

சட்டென்று புகாரக்கா தன் சொந்தப் போனை எடுத்து, பொதுமக்களுக்கான பக்கத்தைத் திறந்தார். பாலம். தூண் சாய்ந்திருக்கிறது, யாரும் போகாதீர்கள். பழைய படத்தையே ஏற்றினார். உங்கள் எண்ணுக்கு ஓடிபி வரும், காத்திருக்கவும் என்றது பக்கம். வரவில்லை. மீண்டும் கேட்டார். இந்தத் தாமதத்துக்காக எத்தனை பேர் திட்டியிருக்கிறார்கள். ‘பொறுமை காக்கவும்’ என்று ஒரே பதிலை எல்லோருக்கும் ஒட்டியிருக்கிறார். நான்காவது நிமிடத்தில் வந்தது.

புள்ளி சிவந்தது. கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் கூப்பிட்டான்.

“அண்ணி, வேன்ல வர்ற ஆயாம்மா போன்ல மணி அடிச்சு, பாலம் சிவப்புன்னு காட்டுது. ஓரமா நிறுத்திட்டேன். எதை நம்புறது?”

“சிவப்பை நம்பு. திரும்பு.”

பத்து மணிக்கு மேலதிகாரி வந்தார். “நம்ம ஆபீஸ் மேல நம்ம ஆளே புகாரா?”

“ஆபீஸ் போன்ல போடல சார். சொந்தப் போன், சொந்தச் செலவு.”

“ஒரே இடத்துல ரெண்டாவது புகார். மூடிடுங்க.”

“புகார் கொடுத்தவங்க சம்மதிச்சாதான் ரெண்டாவதை மூட முடியும் சார். போன மாசம் நீங்க போட்ட விதி. நான் சம்மதிக்கல.”

மேலதிகாரி திரையைப் பார்த்தார். புகாரக்காவைப் பார்த்தார். “என்னதான் வேணும் உங்களுக்கு?”

“யாராச்சும் நேர்ல போய்த் தூணைப் பாக்கணும்.”

மேலதிகாரி பாலப் பிரிவின் எண்ணைச் சுழற்றினார்.