தாடைக்கடியில் ஒரு பட்டாணி

அந்த லேசர் மருத்துவமனையில் டாக்டருக்கே கிடைக்காத பயபக்தி ஒரு பெண்மணிக்கு உண்டு. பட்டப்பெயர் 'ரெண்டுநாள்'. முகத்து முடியை எடுக்க வருகிறவர்கள் முதலில் அவரிடம்தான் தாடையை நீட்ட வேண்டும். பட்டாணியளவு இடத்தில் ஒளியைப் பாய்ச்சிவிட்டு, "ரெண்டு நாள் போகட்டும்" என்பார். தோல் சம்மதித்தால்தான் மேற்கொண்டு சிகிச்சை.

வாழ்க்கையையும் அப்படியே நடத்தினார். பெண் கேட்டு வந்தவரை இரண்டு நாள் காக்கவைத்தார். தடிப்போ அரிப்போ காணாததால் அவரையே கட்டிக்கொண்டார். புது இயந்திரம் வந்தால் முதல் சூடு தன் இடது கைக்குத்தான். பத்தொன்பது வருடத் தழும்புகள் கொண்ட அந்தக் கையைப் பார்த்தால் நமக்கே எழுந்து நிற்கத் தோன்றும்.

நாத்தனார் மகளுக்குப் பத்து நாளில் கல்யாணம். முகத்து முடியை எடுக்க அவளும் வந்து தாடையை நீட்டினாள்.

"ஏதாவது க்ரீம் போடுறியா?"

"சத்தியமா இல்ல அத்தை."

தாடைக்கடியில் பட்டாணியளவு ஒளிப்புள்ளி வைத்து அனுப்பினார். மூன்றாம் நாள் அம்மாவும் மகளும் வந்தார்கள். புள்ளி வைத்த இடம் பளிங்காக இருந்தது.

"சுத்தமா இருக்குல்ல? ஆரம்பிங்க அண்ணி. சொந்தக்காரிகிட்டயே சட்டம் பேசாதீங்க."

ரெண்டுநாள் அசையவில்லை. சுற்றிலும் பருக்கள் மேடு கட்டியிருக்க, பட்டாணியளவு இடம் மட்டும் எப்படிப் பளிங்கானது? ஈரப்பஞ்சால் ஒரு துடை. பஞ்சில் தோல்நிறப் பூச்சு. அடியில் பழுப்பாக வெந்த கொப்புளம்.

"மறைச்சா லேசர ஆரம்பிச்சுடுவீங்கன்னு நெனச்சேன் அத்தை..."

"க்ரீம்?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

"வெளுக்கும்னு சொன்னாங்க அண்ணி. நான்தான் தெனமும் தடவிவிட்டேன்."

"அந்த க்ரீம் போட்ட தோல் லேசர் பட்டா வெந்துடும். முகம் பூராவும் விட்டிருந்தா, பொண்ணு மேடையில ஐஸ்கட்டியோட நின்னிருப்பா."

நாத்தனார் தப்பை ஒப்புக்கொண்டு தலையாட்டினார். இருபது வருடத்தில் இதுவே முதல் தடவை. வரலாற்றில் குறிக்கத் தக்கது.

கல்யாணம் மேலுதட்டுப் பூனைமுடியோடு ஜோராக நடந்தது. கொப்புளம் இல்லாத பக்கத்துக் கன்னம்தான் எல்லாப் படத்திலும். விருந்து முடிந்து கை கழுவும் இடத்தில் நாத்தனார் ரெண்டுநாளின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"இவ்வளவும் யாருக்காக அண்ணி?"

"யாரு கண்டா? நாளைக்கு யாராவது வந்து தாடையை நீட்டுவாங்கல்ல."

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. உருகிப்போய்க் கைப்பையைத் திறந்தார். தழும்புக்குத் தடவ அந்த வெளுக்கும் க்ரீமை எடுக்கப் போனவர், நினைவு வந்து, சத்தம் காட்டாமல் மூடிவிட்டார்.