இக்னேசியஸின் சூட்டுப்பெட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்து வேன் டிரைவர் இக்னேசியஸைப் போல வாய்ச்சவடால் பேசும் ஆளை டயகமப் பக்கம் நான் பார்த்ததில்லை. பெரிய துரையே தன்னைக் கேட்டுத்தான் கியர் மாற்றுவார் என்பார். நான் தோட்டத்து மருத்துவச்சி. நோயாளிகளோடு அவர் வேனில் போய் வந்தே என் பாதி வயது கழிந்தது. அவர் பேச்சில் முக்கால்வாசியை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டவள்தான். ஆனாலும் அந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்த வேன் துரை ஓட்டிக் கழித்தது. முன்சீட்டுக்கு எதிரே, கால்மாட்டில் ஒரு சூட்டுப்பெட்டி இருந்தது. இஞ்சினில் சூடான தண்ணீர் குழாய் வழியாக அதற்குள் வந்து திரும்பும். சின்ன விசிறி ஒன்று அந்தச் சூட்டை உள்ளே ஊதும். வேன் கைக்கு வந்த புதிதிலேயே இக்னேசியஸ் அந்தக் குழாய்களை அடைத்துவிட்டார். நானுஓயா ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிப்பதற்கு அந்தப் பெட்டிதான் காரணம் என்பது அவர் கட்சி. மலைப்பாதையில் ஓட்டிய மற்ற டிரைவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

"ஏற்கனவே கொதிக்கிற இஞ்சினுக்கு அடுப்பு வேறயா மிஸ்ஸி?" என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒரு தை மாதம், கொழுந்தெடுக்கும் லெட்சுமிக்குக் குறைமாதத்தில் லயத்து வீட்டிலேயே பிள்ளை பிறந்தது. புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாகக் கிடந்த காலை. பிள்ளையைக் கம்பளியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இக்னேசியஸின் வேனில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். ஏற்றம் முடிவதற்குள் அது என் கையிலேயே விறைத்துப்போனது. குளிர்தான் கொன்றது.

லெட்சுமி மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று இக்னேசியஸிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் வேனுக்குள் தலைகீழாகப் படுத்துப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. விசிறி தேயிலைத் தூசியில் இறுகிக் கிடந்தது. வழியில் கண்ட ஓடைத் தண்ணீரையெல்லாம் ரேடியேட்டரில் ஊற்றியதில் குழாய் முழுக்கச் சேறு. சலவைச் சோடா போட்ட வெந்நீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார். தேயிலை ஸ்டோரில் கழித்துப்போட்ட லொறியிலிருந்து ரப்பர் குழாய் அறுத்து வந்தார். விசிறியைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்கு அலைந்தார். முதன்முதலில் அது சுற்றியபோது வந்த எலி நாற்றத்தில் எனக்குக் குடலைப் புரட்டியது.

"நாத்தம் போயிரும் மிஸ்ஸி, சூடு நிக்கும்."

"ஏத்தத்துல கொதிச்சா?"

"மூடிக்கிறதுக்குத்தான் குழாயில திருகு வச்சிருக்கேன்ல."

இந்தத் தடவையும் லெட்சுமிக்கு முன்கூட்டியே வலி கண்டது. விடிகிற நேரத்தில் பிறந்த பெண்பிள்ளை, என் உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தாள். லெட்சுமியின் புருஷன் செல்லசாமி வேனில் ஏறவே மாட்டேன் என்று நின்றான். "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று திட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். தாயைப் பின்னால் படுக்கவைத்து, பிள்ளையோடு நான் முன்சீட்டில் சூட்டுப்பெட்டியை ஒட்டி உட்கார்ந்தேன்.

நானுஓயா ஏற்றத்தில் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. இக்னேசியஸின் கை தானாகத் திருகுக்குப் போனது. நான் அந்தக் கையில் ஓங்கி அடித்தேன்.

"மூடுனீங்கன்னா புள்ள போயிரும்!"

"மூடலைன்னா வேன் நின்னுரும் மிஸ்ஸி! நின்னாலும் புள்ள போயிரும்!"

இக்னேசியஸ் பிள்ளையைப் பார்த்தார். "மாதாவே" என்றபடி, பாதி திறந்திருந்த திருகை முழுக்கத் திறந்துவிட்டார். விசிறியையும் கடைசிவரை முடுக்கினார். அனல் எங்கள் முழங்காலில் வந்து மோதியது. முள் அசையாமல் நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது.

"இஞ்சின் சூட்டைத்தான் இது வெளிய எடுக்குது மிஸ்ஸி," என்றார். சொல்லும்போதே முகம் செத்துப்போயிற்று. அடைத்திருக்கவே வேண்டியதில்லை என்பது அவருக்கு அந்த வளைவில்தான் புரிந்தது. எனக்கும்தான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கிய நர்ஸ், நல்ல சூடாக இருக்கிறதே என்றாள். வேறு ஒருவராக இருந்தால் அந்தப் பெருமையோடு வீட்டுக்குப் போயிருப்பார். இக்னேசியஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வார்டு முழுக்கப் பார்க்க லெட்சுமியின் கட்டிலருகே போய் நின்றார்.

"அந்தக் குழாயை அடைச்சவன் நான்தான் தங்கச்சி. உன் மூத்த புள்ளைய நான்தான்..." தன் வாயால் ஒரு தப்பை அவர் ஒத்துக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

லெட்சுமி கையை ஊன்றி நிமிர்ந்தாள்.

"அடைக்கிறதுக்குக் கட்டை செதுக்கிக் குடுத்தது எங்க வீட்டுக்காரருதானேண்ணே. உங்களுக்கு மறந்துபோச்சு. அவரு மறக்கல. அந்த வேனைப் பாத்தாலே ஒளிஞ்சுக்கிறாரு. நீங்களே போயி அவருகிட்ட சொல்லுங்க, புள்ள சூடா இருக்குன்னு. வெரசாப் போங்க."

இக்னேசியஸ் படிகளில் இறங்கி ஓடினார். நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தபோது வேனைக் காணோம். என்னை ஏற்றிக்கொள்ளக்கூட மறந்து போயிருந்தார் மனுஷன்.