போஸ்டர் நர்ஸின் வளையல்

டில்லி மோதி பாக்கில் எங்கள் பக்கத்து வீட்டுச் சாந்தகுமாரி நர்ஸானதற்கு ஒரு போஸ்டர்தான் காரணம். எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டு, விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்த சமயம். சரோஜினி நகர் மார்க்கெட் சுவரில் அதைப் பார்த்தோம். காயம்பட்ட சிப்பாயின் நெற்றியில் ஒரு நர்ஸ் கை வைத்திருப்பாள். கை நிறையச் சிவப்புக் கண்ணாடி வளையல். ‘உங்கள் கைகள் தேவை’ என்று கீழே இந்தியில் எழுதியிருந்தது. சாந்தகுமாரியின் கணவர் இராஜமாணிக்கம் ஹவில்தார்; பஞ்சாப் எல்லையில் இருந்தார். ரேடியோவைக் கட்டிக்கொண்டு அழ இவளுக்கு மனமில்லை. மறுநாளே பட்டாளத்து ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸாகப் பெயர் கொடுத்தாள்.

வார்டு வாசலிலேயே மலையாளத்து சிஸ்டர் மறித்தார். “வளையலைக் கழட்டணும். இல்லேன்னா வீட்டுக்குப் போகலாம்.”

“போஸ்டர்ல இருக்கிறவ போட்டிருக்காளே, சிஸ்டர்?”

“அதை வரைஞ்சவன் ஒரு கட்டாவது மாத்தியிருக்கானா? சில்லு உடைஞ்சு புண்ணிலே விழுந்தா?”

ஒரு நாள் தவணை வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த ஓவியன் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். புருஷன் சண்டையில் இருக்கும்போது வளையலைக் கழற்றினால் எங்களுக்குள் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்கே மனசு ஒப்பவில்லை. மாமியார் பொன்னம்மாளைக் கேட்கவா வேண்டும்?

“எம்புள்ள எல்லையில நிக்கிறான். நீ மூளிக் கையோட திரியப் போறியா?”

“அவருக்கு அடிபட்டா கட்டுப் போடறவளும் ஒருத்தன் பொண்டாட்டிதான், அத்தை. வளையல்தான் பெரிசுன்னு அவ வீட்டுக்குப் போயிட்டா?”

வளையல்கள் இறுக்கம். உடைத்தால் சுலபம், உடைக்க மாட்டேன் என்றுவிட்டாள். சோப்பு போட்டு, தோல் சிவக்கச் சிவக்க, ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் தினமும் பஸ் ஏறினாள். அன்றிலிருந்து பொன்னம்மாள் அவளோடு பேசவில்லை.

சண்டை முடிகிற சமயத்தில் ஸ்ட்ரெச்சரில் இராஜமாணிக்கத்தையே கொண்டுவந்தார்கள். தொடையில் குண்டுக் காயம், நல்ல ஜுரம். சாந்தகுமாரி கையைக் கழுவிக்கொண்டு கட்டிலருகே வந்தாள். கட்டைப் பிரிக்கும்போது அவர் கண் விழித்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு வெறும் கையைப் பார்த்தார்.

“சாந்தா, நான் போயிட்டனா?”

“போவல. காலை ஆட்டாம படுங்க.”

சாயங்காலம் மகனைப் பார்க்க வந்த பொன்னம்மாள், அவன் தலையைத் தடவித் தடவி அழுதாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ “சிஸ்டர்” என்று முனகினார். சாந்தகுமாரி திரும்பினாள். பொன்னம்மாள் கையை நீட்டினாள்.

“அந்த முடிச்சை எங்கிட்டக் குடுத்துட்டுப் போ. குனியறப்ப இடுப்புல குத்தப் போவுது.”