மாலையைக் கழற்றிப் பெயரைக் காட்டிய அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தங்கை எழுதும் வணக்கம். அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று வந்திருப்பவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பேர், அக்கா கடையிலிருந்து ஆள் அனுப்பிக் குழாயும் மோட்டாரும் சரிசெய்து கொடுத்த வீட்டுக்காரர்கள். சொந்தக்காரர்களைப் பற்றிக் கீழே சில இடங்களில் கொஞ்சம் உரிமையோடு எழுதியிருக்கிறேன். அக்கா இருந்திருந்தால் இதைவிடக் கூடுதலாகவே சொல்லியிருப்பார் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா பிறந்ததும் வளர்ந்ததும் சைதாப்பேட்டையில். எங்கள் அப்பா தி.நகரில் ஒரு பைப் கடையில் விற்பனையாளராக இருந்தார். பி.காம். முடித்ததும் அக்காவுக்குத் தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. எதிர்முனையில் யார் எவ்வளவு கத்தினாலும் அக்காவின் குரல் ஏறாது. வீட்டில் எங்களிடம் பேசும்போது மட்டும் அந்தக் குரல் எங்கே போகும் என்று தெரியாது. நினைவு மலர் என்பதற்காக இதை நான் மறைக்கப் போவதில்லை.

மாமாவைக் கைப்பிடித்து மந்தைவெளிக்குப் போனார். மாமா அப்போதே பிளம்பிங் கான்ட்ராக்டர். குழாய், மோட்டார், தொட்டி சுத்தம் என்று எல்லா வேலையும் எடுத்துச் செய்வார். கடைக்குத் தன் அம்மாவின் பெயரை வைத்திருந்தார். அந்தப் பெயர் எழுதிய பலகை இன்றும் அதே சுவரில்தான் இருக்கிறது. அக்காவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி விசேஷ வீடுகளில் விசாரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. அக்கா அவர்களுக்குப் பதில் சொல்லாமல் பாயசம் பரிமாறிவிட்டு நகர்ந்துவிடுவார். என் மகள் பிறந்த பிறகு அந்தக் கேள்வியே இல்லாமல் போனது, ஏனென்றால் அவள் பாதி நாள் மந்தைவெளியில்தான் வளர்ந்தாள். அவளுக்கு அக்கா பெரியம்மா, நான் வெறும் அம்மா.

மாமாவுக்குத் தெரிந்த விளம்பரம் ஒன்றே ஒன்றுதான். வேலை முடிந்ததும் மோட்டார் சுவிட்ச் பெட்டியின் மூடியில் போன் நம்பர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வருவார். மயிலாப்பூரில் அது நன்றாக வேலை செய்தது. அங்கே இருப்பவர்கள் ஒரே வீட்டில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள். பிறகு அடையாறிலும் பெருங்குடியிலும் அடுக்குமாடிகள் எழுந்தன. தரமணி ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் வாடகைக் குடித்தனங்கள் வந்தன. அவர்கள் மோட்டார் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. குழாய் ஒழுகினால் கையில் இருக்கும் போனில் தேடுகிறார்கள், மேப்பில் முதலில் தெரிபவரைக் கூப்பிடுகிறார்கள். நம் கடை அங்கே தெரியவே இல்லை. வருகிற அழைப்புகள் குறைந்துகொண்டே போயின.

அக்கா வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தது அப்போதுதான். ஆபரேட்டர் பழக்கம், கூப்பிடுகிற ஒவ்வொருவரிடமும் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: “எங்களை எப்படித் தெரியும் உங்களுக்கு?” கழிவறையில் தண்ணீர் பொங்கிக்கொண்டிருக்கும்போது இதென்ன விசாரணை என்று சிலர் எரிந்து விழுந்தார்கள். அக்கா விடவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்தவர்கள் எல்லாம் வயதானவர்கள், புதியவர்கள் யாரும் இல்லை என்பது அந்தக் கேள்வியால்தான் அவருக்குத் தெரிந்தது. உடனே என் மகளை உட்கார வைத்து, மேப்பில் கடையைப் பதிவு செய்யச் சொன்னார். எந்தெந்த ஏரியாவுக்குப் போவோம், எத்தனை மணிக்குத் திறப்போம், என்னென்ன வேலை செய்வோம் எல்லாம் ஏறின. கடையில் நெடுநாளாக வேலை செய்யும் பாலு, எந்த வேலைக்குப் போனாலும் பழைய பைப்பை ஒரு படம், புதிய பைப்பை ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. மயிலாப்பூர் குளியலறைகளை இவ்வளவு அருகில் உலகம் பார்த்திருக்காது.

பெசன்ட் நகரிலிருந்து ஓர் அம்மையார் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, வேலை சரி, ஆனால் கூடம் முழுக்கச் சேற்றுக் கால் என்று எழுதினார். பாலு பொருமினான். மாமா அதை அழிக்க முடியுமா என்று கேட்டார். அக்கா அதற்குக் கீழேயே, தவறு எங்களுடையதுதான், நாளை காலை வந்து துடைத்துத் தருகிறோம் என்று எழுதினார். எழுதியபடி பாலுவோடு தானும் போனார். அன்றிலிருந்து நம் ஆட்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து சாக்கை எடுத்து விரித்துத்தான் உள்ளே போகிறார்கள். அந்த அம்மையார் பிறகு நட்சத்திரத்தை ஏற்றிப் போட்டார். அக்காவின் புகழ் அடையாறில் பரவியது வேலையால் பாதி, அந்தச் சாக்கால் பாதி.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த கடையை அக்காவே கவிழ்க்கப் பார்த்தார். அதுவும் என் மகளின் வளைகாப்பு அன்று.

மண்டபம் நிறையச் சொந்தக்காரர்கள். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் அக்கா ஒவ்வொரு வரிசையாகப் போனார். எல்லோரும் போனை எடுங்கள், மேப்பில் நம் கடையைத் திறந்து ஐந்து நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதுங்கள் என்றார். மண்டபத்து வைஃபையையும் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தார். நம் சொந்தங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மொய் எழுதிய வேகத்தில் எழுதினார்கள். மதுரைப் பெரியப்பா, வாழ்க வளமுடன் என்று எழுதினார். திருநெல்வேலி சித்தி, எதற்கு எழுதுகிறோம் என்று கேட்டுக்கொள்ளாமல், சாப்பாடு அருமை, வடை சூடாக இருந்தது, உபசரிப்பில் குறையில்லை என்று எழுதிவைத்தார். ஒரு பிளம்பிங் கடைக்கு.

மறுநாள் கடைக்கு ஓர் அழைப்பும் இல்லை. பாலு வந்து, “அண்ணி, போன் அவுட்டாயிடுச்சா இன்னா? ஒரு காலும் வர்லயே” என்றான். என் போனிலிருந்து கடைக்குக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார் அக்கா. மணி அடித்தது. பிறகுதான் மேப்பைத் திறந்து பார்த்தார்கள். கடையைக் காணவில்லை. ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், வேலையே வாங்காதவர்கள் எழுதிக் குவித்ததால் பதிவை நிறுத்திவைத்திருக்கிறோம் என்று மேப் கம்பெனியிடமிருந்து ஒரு தகவல் மட்டும் வந்திருந்தது.

மழைக்காலம் வரப்போகிற சமயம் அது. வருடத்தில் நமக்கு வேலை கொட்டுவதே அப்போதுதான். அந்த நேரம் பார்த்து ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து, வீடுகளுக்குப் பிளம்பர் அனுப்பும் ஒரு புக்கிங் கம்பெனியின் மேலாளர் வந்தார். அவர்கள் பெயர் போட்ட டி-ஷர்ட்டை நம் ஆட்கள் போட்டுக்கொள்ள வேண்டும், நம் கடைப் பெயரை எங்கும் சொல்லக் கூடாது, அழைப்புகளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாமாவுக்கு முழங்கால் வலி வேறு. ஆயுத பூஜை முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார். அக்கா உள்ளே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். அக்கா அழுது நான் பார்த்தது அன்றுதான். “அத்தை பேர என் கையால அழிச்சுட்டேன்டி” என்றார்.

மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டார். முதல் வேலை, நட்சத்திரம் போட்ட சொந்தங்களை எல்லாம் கூப்பிட்டு அழிக்கச் சொன்னது. இது எழுத வைத்ததைவிடப் பெரிய பாடு. மதுரைப் பெரியப்பா, மனசார வாழ்த்தியதை எப்படித் திரும்ப வாங்குவது என்று வருத்தப்பட்டார். சித்திக்கு, தான் எழுதியதில் என்ன தவறு என்று கடைசிவரை புரியவில்லை. வடை சூடாகத்தானே இருந்தது என்றார். அக்காவின் அந்த ஆபரேட்டர் குரல்தான் எல்லோரையும் சமாளித்தது.

அடுத்தது வீடியோ. கடை உண்மையாகவே இருக்கிறது என்று காட்ட வேண்டுமாம். தெருவின் பெயர், கடைப் பலகை, பூட்டைத் திறப்பது, உள்ளே இருக்கும் கருவிகள், இவ்வளவும் இடையில் வெட்டாமல் ஒரே வீடியோவாக வேண்டும். வளைகாப்புக்கு வந்த வீடியோக்காரரையே அக்கா ஏற்பாடு செய்தார். அவர் நன்றாகத்தான் எடுத்தார். எடுத்துக்கொண்டு போய், நாதஸ்வரம் சேர்த்து, பலகையின் மேல் ரோஜாப்பூ விழுகிற மாதிரி செய்து, மாமா பைப் ரெஞ்சைத் தூக்கும்போது மெதுவாக ஓட விட்டுக் கொடுத்தார். அதை அப்படியே அனுப்பினோம். நிராகரித்துவிட்டார்கள். மாமா இதற்கு மேல் வேண்டாம் என்றார்.

ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி, ரெஞ்ச், ஹேக்சா, பைப் வெட்டும் கட்டர், டிரில் மெஷின் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். வண்டிக்கு வாழைக்கன்று கட்டியாயிற்று. எல்லா ஆட்களும் புதுச் சட்டையில் நின்றார்கள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று ஷட்டரை இறக்கிப் பூட்டச் சொன்னார். போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். தெருப் பலகையிலிருந்து எடுத்தபடியே நடந்து வந்தார். நாங்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டோம். கடைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். மாமா காலையில் ஆசையாக வாங்கிப் போட்ட பெரிய சாமந்தி மாலை பலகையை மூடியிருந்தது. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

ஒரு கையில் போன் ஓடிக்கொண்டிருக்க, இன்னொரு கையால் அக்கா மாலையைப் பிடித்து இழுத்தார். பூஜைக்குப் போட்ட மாலை, கற்பூரம்கூடக் காட்டவில்லை. மாமா பதறிப் போய்க் கையைப் பிடித்தார்.

“விடுங்க. அத்தை பேர் தெரியணும். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார் அக்கா.

மாமா கையை எடுத்தார். பிறகு, வலிக்கிற முழங்காலோடு ஸ்டூலில் ஏறி, மாலையின் மறு முனையை அவரே அவிழ்த்தார். பலகை முழுதாகத் தெரிந்தது. அக்கா பூட்டைத் திறந்து, ஷட்டரைத் தூக்கி, பொட்டு வைத்த கருவிகளை ஒவ்வொன்றாகக் காட்டி முடித்தார். அந்த வீடியோவில் எல்லோர் குரலும் பதிவாகியிருக்கிறது. பாலு பின்னாலிருந்து, “வுடு அண்ணே, அண்ணி கரெக்டா தான் சொல்லுது” என்பதும் கேட்கும்.

வீடியோவை இந்த முறை எதுவும் சேர்க்காமல் அப்படியே அனுப்பினோம். பதில் வரும்வரை இன்னும் கொஞ்சம் பொறுக்கும்படி மாமா மேலாளரிடம் சொன்னார். அந்த நாட்களில் அக்கா சும்மா இருக்கவில்லை. உண்மையிலேயே வேலை வாங்கிய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, கடை திரும்பி வந்தால் என்ன வேலை செய்தோம் என்பதை மட்டும் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள், நட்சத்திரம் உங்கள் இஷ்டம் என்று கேட்டுக்கொண்டார். ஒரு மழை நாளில் பதில் வந்தது. கடை மேப்பில் திரும்ப ஏறிவிட்டது. பெசன்ட் நகர் அம்மையாரும், மயிலாப்பூர் பழைய வாடிக்கையாளர்களும் அன்றே எழுத ஆரம்பித்தார்கள். மழை விடாமல் பெய்தது, போனும் விடாமல் அடித்தது. பாலு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க நேரமில்லாமல் அடையாறுக்கும் தி.நகருக்கும் ஓடினான். அந்த மழைக்காலம் முழுவதும் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இன்னொரு கடையே வாங்கிவிட்ட மாதிரி இருந்தார்.

அதற்கு நடுவில் பெருங்குடியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. தரைத்தளத்தில் தண்ணீர், மோட்டார் ஓடவில்லை, உடனே ஆள் வேண்டும். அக்கா ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, வழக்கம்போல எங்களை எப்படித் தெரியும் என்று கேட்டார். எதிர்முனையில் ஒரு செருமல் கேட்டது. “மேப்ல பார்த்தேன் மேடம்” என்றது குரல். ஈக்காட்டுத்தாங்கல் மேலாளர்தான். அவர்களுடைய ஆட்கள் யாரும் அன்று கிடைக்கவில்லையாம். அக்கா சிரிக்காமல் விலாசம் வாங்கிக்கொண்டு, பாலுவை அனுப்பி, போனைக் கீழே வைத்த பிறகு சிரித்த சிரிப்பு பக்கத்துக் கடை வரை கேட்டது.

அதன் பிறகு கையெழுத்து என்ற பேச்சே எழவில்லை. கடை மேலும் மேலும் வளர்ந்தது. அக்காவின் இதயம்தான் ஒத்துழைக்கவில்லை. அடையாறு மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் யாராவது எழுதியதை என் மகள் படித்துக் காட்ட, இவர் பதில் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். கடைசியாகப் பதில் எழுதியது தி.நகரில் தொட்டி சுத்தம் செய்துகொண்ட ஒருவருக்கு. வலியில்லாமல், எங்கள் எல்லோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். எனக்கு அவரைப் போல இன்னொருவர் கிடைக்கப் போவதில்லை. ஒவ்வொரு நாளும் ஏங்குகிறேன்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதி நாளில் வேலையை விட்டுவிட்டு வந்து தோள் கொடுத்த பாலுவுக்கும் மற்ற ஆட்களுக்கும், கேட்டவுடன் எழுதி, கேட்டவுடன் அழித்த சொந்தங்களுக்கும், கடையின் பக்கத்தை இன்று பார்த்துக்கொள்ளும் என் மகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாமாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அக்கா போன பிறகு அவர் கடையைத் திறப்பாரா என்றே நாங்கள் பயந்தோம். காரியம் முடிந்து நான் மந்தைவெளிக்குப் போன அன்று ஷட்டர் தூக்கியிருந்தது. அக்காவின் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. புதிதாக யாரோ ஒரு பெண், எந்தக் கம்பெனி என்று கேட்டிருக்க வேண்டும்.

“கம்பெனி எல்லாம் இல்லம்மா, எங்க சொந்தக் கடை” என்றார் மாமா. தன் அம்மாவின் பெயரைச் சொன்னார். தண்ணீர் குடித்துவிட்டு, “ஆள் அனுப்பறேன், விலாசம் சொல்லும்மா” என்றார்.