பாசி வேற, புல்லு வேற

மீன் வாங்கப் போனாலும் பெலிசியா முதலில் குனிவது மீனிடம் இல்லை, வலையோடு வந்த குப்பையிடம். கடலூர் துறைமுகத்தில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பச்சை நார்களைப் பிரித்து உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறார். கணவர் சகாய ஆனந்த் வெறும் பையோடு நிற்கிறார்.

"பாசியப் போயி கிளறிக்கினு இருக்கியே!"

"பாசி வேற, புல்லு வேற. இதுக்கு வேர் இருக்கு, பூ இருக்கு. பாசிக்கு அதெல்லாம் ஏது? கல்யாணமாயி இத்தினி வருசம் ஆச்சு, இதுகூடவா தெரியல?"

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பெலிசியா. அண்ணாமலை நகர் வீட்டு மாடிக் கொடியில், துணிகளுக்கு நடுவே நீச்சல் கண்ணாடியும் காயும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு கடற்பாசிக்கு. ஒருமுறை மாமியார் அதைக் கொத்தமல்லி என்று ரசத்தில் கிள்ளிப் போட்டுவிட்டார். பெலிசியா கோபப்படவில்லை. "உப்பு ஜாஸ்தி" என்றதோடு சரி.

கோபம் வருவது, "கடலுக்குள்ள எல்லா எடமும் ஒண்ணுதானே?" என்று யாராவது கேட்டால்தான். மன்னார் வளைகுடாவில் ஒரு சின்னத் தீவு. அதைச் சுற்றிப் பவளப்பாறை அரண்போல நிற்கிறது. அரணுக்கும் கரைக்கும் இடையில் ஆழமில்லாத காயல். விடுமுறைதோறும் அங்கே போய் மூழ்கி எழுகிறார். கரையோரம் அலை அடங்கிக் கிடக்கும். சேறு கலந்த மணலில் கடல்புல், ஆடு மேய்கிற அளவுக்கு அடர்ந்திருக்கும், கடல்பசு மேய வரும். பாறை உடைந்து அலை உள்ளே பாயும் வாயிலிலோ மணல் நிற்காது, புல் வேர்விட வழியில்லை. செத்த பவளக் கல்லைக் கவ்விக்கொண்டு பழுப்புப் பாசி மட்டும் ஆடும். இரண்டுக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான்.

அந்தக் காயல் முழுக்க மூங்கில் தெப்பம் மிதக்கவிட்டுப் பாசி வளர்க்க ஒரு நிறுவனம் ஆசைப்பட்டது. ஆய்வு செய்து தரச் சொன்னது. பெலிசியா எல்லா இடத்தையும் அளந்து, படமெடுத்துக் கொடுத்தார். போன மாதம் கடலூரில் ஒரு ஓட்டல் அரங்கில் கூட்டம். அனுமதி தரவேண்டிய அதிகாரியும் வந்திருந்தார். பெலிசியாவுக்குச் சரிகைச் சால்வை போர்த்தி, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

நிறுவன மேலாளர் தில்லைநாதன் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். வெறும் மணலும் கல்லும். 'இக்காயலில் புல் அநேகமாக இல்லை' என்ற வரி. அதன் கீழே பெலிசியாவின் பெயர்.

பெலிசியா எழுந்துவிட்டார். "சார், இது அலை உள்ள பூர்ற வாய்ல எடுத்த படம். கரையோரம் எடுத்ததெல்லாம் எங்க?"

"எல்லாத்தையும் போட்டா நேரம் ஆயிடும் மேடம். ஒரே தண்ணிதானே?"

"ஒரே தண்ணியா? சமையக்கட்டுல நின்னுக்கினு, இந்த வூட்டுல கட்டிலே இல்லன்னு சொல்றீங்க. அதுவும் எம் பேரப் போட்டு! என்னா நியாயம் சார் இது?"

அரங்கில் யாரோ சிரித்தார்கள். தில்லைநாதனும் சிரித்தார். "சரி, புல்லு இருக்குன்னே வச்சுக்குவோம். தெப்பம் மேலதானே மெதக்கப்போவுது? அடியில இருக்கிற புல்லுக்கு என்னா ஆயிடும்?"

பெலிசியா தோளிலிருந்த சால்வையை உருவினார். நேராகப் போய்ப் புரொஜெக்டரின் மேல் போர்த்தினார். திரை இருண்டது.

"வெளிச்சம் இல்லாம அது எப்புடி சார் பொழைக்கும்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "கரையோரப் படங்க வரட்டும் தில்லைநாதன். அதுவரைக்கும் அனுமதி கெடையாது."

தில்லைநாதன் விரைந்து வந்து சால்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். அதன்மேல் அழுத்தி வைத்திருந்த கையைப் பெலிசியா எடுக்கவில்லை.